மைக் ஹாதார்ன்: மூன்று விசாரணைகளும் ஒரு புள்ளியும்

ஃபார்முலா ஒன் உலகப் பட்டத்தை முதன்முதலில் வென்ற பிரிட்டிஷ் ஓட்டுநர் ஜான் மைக்கேல் ஹாதார்ன். 1958ஆம் ஆண்டில் அப்பட்டம் அவருக்குக் கிடைத்தபோது, அந்தப் பருவம் முழுவதிலும் அவர் வென்றிருந்த கிராண்ட் பிரீ ஒன்றுதான். ஒரு புள்ளி பின்தங்கி இரண்டாம் இடத்தோடு நின்ற ஸ்டிர்லிங் மாஸோ நான்கு பந்தயங்களை வென்றிருந்தார். ஹாதார்னைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த முரணில் தொடங்கி இதிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் அவருடைய பந்தய வாழ்வை ஆராய்வதற்கு இதைவிடப் பொருத்தமான வழி ஒன்று உண்டு. ஏழு ஆண்டுகள்கூட நிறையாத அந்த முன்னணிக் காலத்தில் அவர் காரோட்டிய விதம் மூன்று முறை முறைப்படியான விசாரணைக்கு உள்ளானது: 1955 ஜூனில் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் நடந்த விபத்துக்குப் பிறகு, 1958 ஆகஸ்டில் போர்ட்டோ நகரில், 1959 ஜனவரியில் அவர் இறந்த பிறகு. குறிப்பிட்ட சில நொடிகளில் அவருடைய கார் சாலையின் எந்தப் பகுதியில் இருந்தது, அங்கே அவர் என்ன செய்தார் என்பதே மூன்றிலும் கேட்கப்பட்ட கேள்வி. மூன்றிலும் அவர்மீது குற்றம் சுமத்தப்படவில்லை. அத்தீர்ப்புகள் ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதே இந்த ஆய்வின் பொருள்.

ஹாதார்ன் 1929 ஏப்ரல் 10 அன்று யார்க்‌ஷயரின் மெக்ஸ்பரோ என்ற ஊரில் பிறந்தார். தந்தை லெஸ்லி ஹாதார்ன் மோட்டார் பந்தயத்தில் தீராத ஈடுபாடு கொண்டவர். புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்துக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதற்காகவே குடும்பத்தைத் தெற்கே சரே மாவட்டத்தின் ஃபார்ன்ஹாம் நகருக்குக் கொண்டுவந்து, அங்கே டூரிஸ்ட் டிராஃபி கராஜ் என்ற பணிமனையை நடத்தினார். மகன் ஆர்டிங்லி கல்லூரியில் படித்து, பின்னர் கில்ட்ஃபோர்டில் லாரி தயாரித்த டென்னிஸ் நிறுவனத்தில் தொழில் பழகினார். 1950இல் பிரைட்டன் வேகப் போட்டியில் ஒரு பழைய ரைலி காருடன் தொடங்கியவர், அடுத்த ஆண்டு அதே வகைக் கார்களில் சிறிய பந்தயங்கள் சிலவற்றை வென்றார்.

திருப்பம் வந்தது 1952 ஏப்ரல் 14 அன்று, குட்வுட் தடத்தின் ஈஸ்டர் திங்கள் பந்தயங்களில். குடும்ப நண்பர் பாப் சேஸ் வாங்கித் தந்த கூப்பர்-பிரிஸ்டல் காரில் அன்று ஹாதார்ன் இரண்டு பந்தயங்களை வென்றார்; மூன்றாவதில், அவருடையதைவிடப் பன்மடங்கு ஆற்றல் கொண்ட ஃபெராரியை ஓட்டிய ஃபிரோய்லன் கொன்சாலஸுக்கு அடுத்ததாக வந்தார். முந்தைய ஆண்டின் உலகச் சாம்பியன் ஹுவான் மனுவேல் ஃபாஞ்சியோவும் அன்று ஒரு கூப்பர்-பிரிஸ்டலை ஓட்டினார் என்பதால் ஒப்பீட்டுக்கு வேறு அளவுகோல் தேவைப்படவில்லை. அவ்வாண்டே உலகப் பட்டப் பந்தயங்களில் நுழைந்து, பெல்ஜியத்தில் நான்காவதாகவும் சில்வர்ஸ்டோனில் மூன்றாவதாகவும் வந்தார். என்ஸோ ஃபெராரி அவரை 1953ஆம் ஆண்டுக்கு ஒப்பந்தம் செய்தார்.

1953 ஜூலை 5 அன்று ரேம்ஸ் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ அவருடைய வாழ்வில் மிக நேர்த்தியான வெற்றி என்பது என் கணிப்பு. அறுபது சுற்றுகள், ஏறத்தாழ 500 கிலோமீட்டர். பந்தயத்தின் பின்பாதி முழுவதும் ஹாதார்னின் ஃபெராரியும் ஃபாஞ்சியோவின் மசெராட்டியும் மாறிமாறி முன்னிலை பிடித்து, நேர்ச்சாலைகளில் அக்கம்பக்கமாகவே ஓடின. கடைசி வளைவிலிருந்து முந்தி வெளிவந்த ஹாதார்ன் ஒரே ஒரு நொடி இடைவெளியில் வென்றார். கொன்சாலஸும் அஸ்காரியும் அடுத்தடுத்து வர, முதல் நான்கு கார்களும் ஐந்து நொடிக்குள் கோட்டைக் கடந்தன. உலகப் பட்டத்துக்குரிய கிராண்ட் பிரீ ஒன்றில் ஒரு பிரிட்டிஷ் ஓட்டுநர் வென்றது அதுவே முதல் முறை. அவருக்கு அப்போது வயது 24. பந்தயத்தின்போதும் கழுத்தில் பட்டாம்பூச்சி வடிவ டை அணியும் பழக்கம் அவருக்கு இருந்ததால் பிரெஞ்சுக்காரர்கள் அவரைப் பட்டாம்பூச்சி என்றே அழைத்தனர்.

அடுத்த ஆண்டு துன்பங்களின் ஆண்டாக அமைந்தது. சிராகூஸ் பந்தயத்தில் கார் தீப்பற்றிக் கால்களும் கைகளும் வெந்தன. ஜூன் மாதம் குட்வுட்டிலிருந்து வீடு திரும்பிய தந்தை சாலை விபத்தில் இறந்தார். கட்டாய இராணுவப் பணியிலிருந்து அவர் நழுவுகிறார் என்று பத்திரிகைகள் எழுதின. விவகாரம் நாடாளுமன்றம் வரை சென்றது. உண்மையில் அவருக்குச் சிறுநீரக நோய் இருந்தது. வெளியே யாரிடமும் அதிகம் சொல்லிக்கொள்ளாத அந்த நோய், ஒரு சிறுநீரகத்தை இழக்கும் நிலைக்கு அவரைக் கொண்டுசென்றது. அவ்வளவுக்கும் இடையில் பார்சலோனாவின் பெட்ரால்பஸ் தடத்தில் ஸ்பானிய கிராண்ட் பிரீயை வென்று, பட்டப் பட்டியலில் மூன்றாம் இடத்தோடு ஆண்டை முடித்தார். தந்தையின் பணிமனையைக் கவனிக்க இங்கிலாந்தில் இருப்பது அவசியமாகிவிட்டதால் ஃபெராரியை விட்டு விலகி, விளையாட்டுக் கார் பந்தயங்களுக்கு ஜாகுவாருடன் சேர்ந்தார். லெ மானுக்கு அவரைக் கொண்டுவந்தது அந்த முடிவுதான்.

1955 ஜூன் 11, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு 24 மணி நேரப் பந்தயம் தொடங்கியது. ஜாகுவார் டி-டைப்பில் ஹாதார்னும் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆரில் ஃபாஞ்சியோவும், நீண்ட தூரப் பந்தயம் என்பதையே மறந்தவர்களைப் போல, சுற்றுச் சாதனைகளை மாறிமாறி முறியடித்துக்கொண்டு ஓடினர். ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழிந்தபோது எரிபொருள் நிரப்ப ஹாதார்னுக்கு அழைப்பு வந்தது. கார்கள் எரிபொருளுக்கும் பழுதுபார்ப்புக்கும் நிற்கும் பிட் பகுதிக்கு முன்பாக லான்ஸ் மேக்லின் ஓட்டிய ஆஸ்டின்-ஹீலியை அவர் இடப்புறமாக முந்தி, பிறகு வலப்புறம் ஒதுங்கி, தம் பிட்டை நோக்கி பிரேக் பிடித்தார். அன்றைய லெ மானில் பிட் பகுதிக்கும் பந்தயச் சாலைக்கும் இடையே எந்தத் தடுப்பும் இல்லை. தனி வழித்தடமும் இல்லை. தமக்கு முன்னால் ஜாகுவார் வேகம் குறைவதைக் கண்ட மேக்லின் பிரேக் பிடித்து இடப்புறம் விலகினார். அந்தப் பக்கத்தில் சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தில் பியர் லெவெக்கின் மெர்சிடிஸ் வந்துகொண்டிருந்தது. ஹீலியின் சரிந்த பின்பகுதி மேல் ஏறிய மெர்சிடிஸ் காற்றில் எழும்பி, மண்மேட்டில் மோதிச் சிதறியது. எஞ்சினும் முன் அச்சும் பார்வையாளர் கூட்டத்தின் ஊடே பாய்ந்தன. மெக்னீசியம் கலந்த உலோக உடல் எரிந்தது. லெவெக்கும் எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளர்களும் இறந்தனர். மோட்டார் பந்தய வரலாற்றில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பெரிய உயிரிழப்பு நிகழ்ந்ததில்லை.

பந்தயம் நிறுத்தப்படவில்லை. கூட்டம் ஒரே நேரத்தில் கலைந்தால் ஆம்புலன்ஸ்கள் செல்லும் சாலைகள் அடைபடும் என்று அமைப்பாளர்கள் காரணம் கூறினர். நள்ளிரவுக்குப் பின், முன்னிலையில் இருந்த மெர்சிடிஸ் அணி தன் கார்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஜாகுவார் விலக மறுத்தது. மறுநாள் மாலை ஹாதார்னும் அதே காரை அவருடன் மாறிமாறி ஓட்டிய ஐவர் பியூபும் வென்றனர். வெற்றிக்குப் பின் ஷாம்பெயின் புட்டியுடன் ஹாதார்ன் புன்னகைக்கும் புகைப்படத்தைப் பிரெஞ்சுப் பத்திரிகை கசப்பு நிறைந்த தலைப்போடு வெளியிட்டது. பிரான்சில் அவர் பெயர்மீது படிந்த கறைக்கு விபத்தைவிட அந்தப் புகைப்படமே பெரிய காரணமாக இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

விசாரணை எந்த ஓட்டுநர்மீதும் பொறுப்பைச் சுமத்தவில்லை. மிகக் குறைந்த வேகங்களுக்காக அமைக்கப்பட்ட தடம் 1955ஆம் ஆண்டின் கார்களைத் தாங்கும் நிலையில் இல்லை என்பதே அதன் சாரம். அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கு முன் பிட் பகுதி இடிக்கப்பட்டு, சாலை அகலமாக்கப்பட்டு, பார்வையாளர் மேடைகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. சுவிட்சர்லாந்து தடப் பந்தயங்களையே தடைசெய்தது. தீர்ப்பு சரியானதே என்றாலும் முழுமையானதன்று. தடம் தவறு என்பதால் அந்தத் தடத்தில் எடுக்கப்பட்ட முடிவுகள் எல்லாம் சரியாகிவிடுவதில்லை.

இங்கே பிரேக்கைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் ஒரு விளக்கத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஜாகுவாரின் டிஸ்க் பிரேக்குகள் அதை மிக விரைவாக வேகம் குறைக்கச் செய்தன, பின்னால் வந்த பழைய டிரம் பிரேக் கார்களால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பது அந்த விளக்கம். மெர்சிடிஸுக்கு டிரம் பிரேக்குகளே இருந்தன என்பது உண்மை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஓட்டுநருக்குப் பின்னால் எழும்பி நிற்கும் காற்றுத் தடுப்புப் பலகையைப் பொருத்தியிருந்தார்கள். ஆனால் மேக்லினின் ஹீலி 100எஸ் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் கொண்டது. ஆகவே சங்கிலியின் முதல் கண்ணியை, அதாவது ஹாதார்னுக்கும் மேக்லினுக்கும் இடையே நிகழ்ந்ததை, பிரேக் வகை வேறுபாட்டால் மட்டும் விளக்கிவிட முடியாது. எவ்வளவு இடைவெளி விடப்பட்டது, எதிர்பார்ப்புகள் எப்படி மோதின என்பவையே அங்கே கேள்விகள். ஹாதார்னின் கார் தம் பிட்டைத் தாண்டிச் சென்றே நின்றது என்பதும் கணக்கில் கொள்ள வேண்டிய செய்தி. தாம் போதிய இடைவெளி விட்டு, முறைப்படி ஒதுங்கியதாகவே அவர் கடைசிவரை கூறினார். தம் வேகத்துக்கும் தம்முடைய பிட்டுக்கும் இடையே அவர் விட்டுக்கொண்ட தூரம் அவருக்கே போதவில்லை என்பதை அந்தக் கார் நின்ற இடம் உணர்த்துகிறது. அவரைக் குற்றவாளி என்று சொல்ல இது போதாது; அவருக்கு அதில் பங்கே இல்லை என்று சொல்லவும் விடாது.

இதற்குப் பின் வந்த இரண்டு ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1956இல் பிஆர்எம் அணியில் வேகம் இருந்தது, நம்பகம் இல்லை. 1957இல் அவர் ஃபெராரிக்குத் திரும்பினார். அங்கே பீட்டர் காலின்ஸ் அவருக்கு உற்ற நண்பரானார். அந்த ஆகஸ்டில் நூர்பர்க்ரிங் தடத்தில் இருவரும் முன்னிலையில் இருக்க, பிட் நிறுத்தத்தில் நேரம் இழந்த ஃபாஞ்சியோ சுற்றுக்குச் சுற்று சாதனை முறித்து வந்து இருவரையும் முந்தினார். ஹாதார்ன் மூன்றரை நொடி பின்தங்கி இரண்டாவதாக வந்தார்.

1958ஆம் ஆண்டின் ஃபெராரி டினோ 246, 2.4 லிட்டர் வி6 எஞ்சின் கொண்டது. நேர்ச்சாலையில் வேகமானது, ஆனால் டிரம் பிரேக் கொண்டது. மாஸ் ஓட்டிய வான்வால் அணியின் கார் டிஸ்க் பிரேக் கொண்டது. ஜூலை 6 அன்று ரேம்ஸில் ஹாதார்ன் வென்றார்; அவரைத் துரத்திய சக அணி ஓட்டுநர் லூயிஜி முஸ்ஸோ தடம் விலகி உயிரிழந்தார். அதே பந்தயம்தான் ஃபாஞ்சியோவின் கடைசிப் பந்தயம். அந்த மூத்தவரை ஒரு சுற்று முந்திச் செல்லும் வாய்ப்பு வந்தும் ஹாதார்ன் மரியாதையின் பொருட்டுப் பின்னாலேயே நின்றுகொண்டார் என்பது அக்காலத்தவர் பலரும் சொன்ன செய்தி. இரண்டு வாரத்தில் சில்வர்ஸ்டோனில் காலின்ஸ் வென்றார். ஆகஸ்ட் 3 அன்று நூர்பர்க்ரிங்கில், ஹாதார்னின் கண்ணெதிரே, காலின்ஸின் கார் தடம் விலகியது. அன்றே அவர் இறந்தார். பந்தயத்தை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் ஹாதார்னுக்கு உறுதிப்பட்டது அப்போதுதான்.

மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 24 அன்று, போர்ட்டோவின் போவிஸ்டா சாலைகளில் போர்ச்சுகீசிய கிராண்ட் பிரீ நடந்தது. கல் பாவிய தெருக்கள், டிராம் தண்டவாளங்கள், ஓரங்களில் விளக்குக் கம்பங்கள். ஹாதார்னின் டிரம் பிரேக்குகள் தளர்ந்துவிட, மாஸ் ஐந்து நிமிடத்துக்கும் மேல் முந்திச் சென்று வென்றார். இங்கே இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, அதிவேகச் சுற்றுக்கான ஒரு புள்ளி. ஹாதார்ன் சுற்றுச் சாதனை நிகழ்த்தியதும் வான்வால் பிட்டிலிருந்து மாஸுக்குப் பலகை காட்டினார்கள். ஹாதார்ன் பெயரின் சுருக்கத்தோடு, சாதனையை (ரெக்கார்ட்) குறிக்கும் ஆர், இ, சி என்ற எழுத்துகள் அதில் இருந்தன. கடைசி எழுத்தை ஜி என்று படித்துவிட்ட மாஸ், ஹாதார்ன் வழக்கமான (ரெகுலர்) வேகத்தில் வருகிறார் என்று பொருள்கொண்டு, வேகத்தைக் கூட்டவில்லை. கையில் அவ்வளவு நேரம் மிச்சமிருந்த அவருக்கு அந்தச் சாதனையை முறியடிப்பது கடினமாக இருந்திருக்காது.

இரண்டாவது, கடைசிச் சுற்றில் நடந்தது. ஹாதார்ன் சுழன்று ஒதுக்குச் சாலையில் நின்றார், எஞ்சின் அணைந்தது. இறங்கிக் காரைத் தள்ளிக் கிளப்ப முயன்றார். பந்தயத்தை முடித்துவிட்டு மெதுவாக ஒரு சுற்று வந்துகொண்டிருந்த மாஸ் அதைக் கண்டு, இறக்கத்தை நோக்கித் தள்ளும்படி கத்தினார். அப்படியே கார் கிளம்பியது. ஹாதார்ன் இரண்டாமவராகவே முடித்தார். அவர் பந்தயத் திசைக்கு எதிராகக் காரை ஓட்டினார் என்று புகார் எழுந்தது. நிரூபணமானால் தகுதிநீக்கம். நடுவர்கள் முன் மாஸ் தாமாகவே சென்று, ஹாதார்ன் எதிர்த்திசையில் சென்றபோது கார் நடைபாதையில் இருந்ததே தவிரப் பந்தயச் சாலையில் இல்லை என்று சாட்சி சொன்னார். புகார் தள்ளுபடியானது.

மாஸின் பெருந்தன்மைக்கு இந்நிகழ்வை எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். அது தவறன்று, ஆனால் அந்தப் புகழுரை ஒரு முக்கியமான புள்ளியை மறைத்துவிடுகிறது. மாஸ் சலுகை கேட்கவில்லை. தாம் கண்டதைச் சொன்னார். விதி பந்தயச் சாலையைப் பற்றியது; நடைபாதை பந்தயச் சாலையன்று. அவர் பேசாமல் இருந்திருந்தால் தவறான ஒரு தீர்ப்பின் பயன் அவருக்குக் கிடைத்திருக்கும். மூன்று விசாரணைகளில் இதன் முடிவு மட்டுமே எந்த ஐயத்துக்கும் இடமின்றிச் சரியானது என்பேன்.

கணக்கைப் பார்ப்போம். முதல் ஐந்து இடங்களுக்கு 8, 6, 4, 3, 2 புள்ளிகள். அதிவேகச் சுற்றுக்கு ஒன்று. ஆறு சிறந்த முடிவுகள் மட்டுமே சேரும். ஹாதார்ன் மொத்தம் 49 புள்ளிகள் எடுத்தார். அவற்றுள் 9, 7, 7, 7, 6, 6 என்ற ஆறும் சேர்ந்து 42 ஆயின. மாஸ் ஐந்து பந்தயங்களில் பழுதடைந்து நின்றதால் அவர் புள்ளி பெற்ற பந்தயங்களே ஆறுதான், மொத்தம் 41. போர்ட்டோவில் ஹாதார்ன் தகுதிநீக்கம் பெற்றிருந்தால் அவருடைய கணக்கு 39 ஆகக் குறைந்து, பட்டம் மாஸுக்குச் சென்றிருக்கும். இது பலரும் அறிந்தது. ஆனால் பிட் பலகையை மாஸ் சரியாகப் படித்து அந்தச் சுற்றுச் சாதனையை எடுத்திருந்தால் ஹாதார்ன் 41, மாஸ் 42 என்று எண்கள் அப்படியே இடம் மாறியிருக்கும். சாட்சி சொன்னதால் பட்டம் போனது என்று சொல்கிறவர்கள், ஒரே ஓர் எழுத்தைத் தவறாகப் படித்ததாலும் அதே பட்டம் போனது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

ஒரே வெற்றியோடு பட்டமா என்ற கேள்விக்கும் இதே எண்களில் விடை இருக்கிறது. ஹாதார்ன் ஐந்து முறை இரண்டாவதாக வந்தார். ஐந்து அதிவேகச் சுற்றுகளை எடுத்தார். ஆறு முடிவுகள் என்ற வரம்பு இல்லாதிருந்தால் வித்தியாசம் எட்டுப் புள்ளிகளாக இருந்திருக்கும். அந்த வரம்பு மாஸுக்குத்தான் துணைசெய்தது. இருவரில் திறமையாளர் மாஸ்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த விதிகளின் கீழ் அந்த ஆண்டின் பட்டம் நியாயமானவரிடமே சேர்ந்தது.

போர்ட்டோவுக்குப் பின் ஹாதார்னின் வற்புறுத்தல் ஃபெராரியில் எடுபட்டது. இறந்த காலின்ஸின் சொந்தச் சாலைக் காரிலிருந்த டன்லப் டிஸ்க் பிரேக்குகள் கழற்றப்பட்டு மொன்ஸாவில் ஹாதார்னின் காருக்குப் பொருத்தப்பட்டன. கிளட்ச் நழுவிக்கொண்டிருந்தும் அவர் அங்கே டோனி புரூக்ஸுக்கு அடுத்து வந்தார். அக்டோபர் 19 அன்று காசாபிளாங்காவின் ஐன்-டியாப் தடத்தில் நடந்த இறுதிப் பந்தயத்தில் மாஸ் வெற்றி, அதிவேகச் சுற்று என இரண்டையும் பெற்றார். ஹாதார்ன் இரண்டாவதாக வந்தால் பட்டம், மூன்றாவதாக வந்தால் இல்லை என்ற நிலை. இரண்டாம் இடத்தில் இருந்த சக அணி ஓட்டுநர் ஃபில் ஹில் விலகி வழிவிட்டார். அதே பந்தயத்தில் தீக்காயமுற்ற வான்வால் ஓட்டுநர் ஸ்டூவர்ட் லூயிஸ்-எவன்ஸ் ஆறு நாளில் இறந்தார். ஹாதார்ன் ஆண்டு முடிவதற்குள் ஓய்வை அறிவித்தார். 

1959 ஜனவரி 22 அன்று, ஈரமும் பலத்த காற்றுமாக இருந்த காலையில், அவர் தம் ஜாகுவார் 3.4 காரில் லண்டனுக்குப் புறப்பட்டார். கில்ட்ஃபோர்டு புறவழிச்சாலையின் இறக்கத்தில், தமக்கு நன்கு அறிமுகமான பந்தய அணி உரிமையாளர் ராப் வாக்கர் மெர்சிடிஸ் 300 எஸ்எல் ஓட்டிச் செல்வதைக் கண்டு முந்தினார். அடுத்த சில நொடிகளில் ஜாகுவார் கட்டுப்பாடு இழந்து, எதிரே வந்த லாரியில் உரசி, மரத்தில் பக்கவாட்டாக மோதியது. ஹாதார்னுக்கு வயது 29. மரண விசாரணையில் தற்செயல் மரணம் என்று தீர்ப்பாயிற்று. இருவரும் எவ்வளவு வேகத்தில் சென்றனர் என்று வாக்கர் சொல்ல மறுத்துவிட்டார். டயர், காற்று, சாலையின் ஈரம், எஞ்சியிருந்த சிறுநீரகமும் கெட்டுக்கொண்டிருந்த அவருடைய உடல்நிலை என்று பலவற்றின்மேல் பின்னாளில் காரணம் தேடினார்கள். பொதுச்சாலையில், ஈரத்தில், தெரிந்தவரின் காரை முந்தும் ஆவலில் கூட்டிய வேகமே போதுமான காரணம் என்று நினைக்கிறேன். தற்செயல் என்ற சொல் சட்டத்துக்குப் போதுமானதாக இருந்தது. அந்த வேகத்தைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை.

அவர் இறந்தபோது நான்காவது விசாரணை ஒன்று காத்திருந்தது. 1958இல் வெளிவந்த தம் வாழ்க்கைக் குறிப்பில், லெ மான் விபத்தில் தமக்குப் பொறுப்பில்லை என்று ஹாதார்ன் எழுதியிருந்தார். அப்படியானால் பொறுப்பு தம்மீதே விழுகிறது என்று கண்ட மேக்லின் அவதூறு வழக்குத் தொடுத்தார். அது நடந்திருந்தால், பிட்டுக்கு எவ்வளவு தூரம் முன்பு பிரேக் பிடித்தார், மேக்லினுக்கு எவ்வளவு இடம் விட்டார் என்பதைக் குறுக்கு விசாரணையில் அவர் சொல்ல வேண்டியிருந்திருக்கும். ஆங்கிலச் சட்டப்படி அவதூறு வழக்கு எதிர்வாதியின் மரணத்தோடு முடிந்துவிடும்; மேக்லினின் வழக்கும் விசாரணைக்கு வராமலே முடிந்தது.